கச்சானுக்கும் மாரிக்கும் தாங்கும் இடம்: திருகோணமலையில் சுயசேவை லோன்றிக்குக் கடை பார்ப்பவர்களுக்கு

சுயசேவை லோன்றி (வாடிக்கையாளரே மெஷினில் உடுப்புத் தோய்த்துக் காய வைக்கும் கடை) போட நினைப்பவர்கள் முதலில் மெஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். மெஷின் சரிவராவிட்டால் விற்கலாம், வேறு வாங்கலாம். நிலத்தில் போட்ட கொங்கிறீற், தோண்டிய உறிஞ்சுகுழி, இழுத்த மூன்று பேஸ் வயர் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போக முடியாது. கடையின் பாதிச் செலவு அந்த இடத்துக்குள்ளேயே புதைகிறது. அதனால் இடத்தைப் பார்க்கச் சில மாதம் போனாலும் பரவாயில்லை. நான்கு வோஷர் (தோய்க்கும் மெஷின்), மூன்று டிரையர் (காய வைக்கும் மெஷின்) உள்ள சிறிய கடை ஒன்றை மனதில் வைத்தே கீழுள்ள அளவுகள் சொல்லப்படுகின்றன.

1. இடம் தேடுவதற்கு முன், எந்த மாதத்தில் யார் வருவார்கள் என்று எழுதுங்கள்

கொழும்புக் கணக்கு இங்கே பொருந்தாது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது கொடியில் போட்ட சாரம் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். முற்றமும் கிணறும் உள்ள வீட்டுக்காரர் அந்த நாளில் காசு கொடுத்து டிரையர் போடமாட்டார். அதே மாதங்களில்தான் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பயணிகள் நிறைந்திருப்பார்கள். அவர்களிடம் கொடியும் இல்லை, கிணறும் இல்லை.

ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் எல்லாம் தலைகீழ். கடற்கரை அறைகள் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மூன்று நாளாகக் காயாமல் புளித்த மணம் அடிக்கும் வீடுகள் அப்போதுதான் டிரையரைத் தேடும். பெரும்பாலும் வீட்டில் தோய்த்துப் பிழிந்து, காய வைக்க மட்டும் கொண்டுவருவார்கள். நவம்பர், டிசம்பரில் டிரையரே கடையைக் காப்பாற்றும்.

ஒரு தாளில் 12 மாதங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே வரக்கூடிய ஆளைக் குறியுங்கள்: பயணி, அறை எடுத்துத் தங்கும் உத்தியோகத்தர், தாதியர், மாணவர், குடும்பம், சிறிய கெஸ்ட் ஹவுஸ். நான்கு மாதத்துக்கு மேல் எதிரே ஒன்றும் இல்லாத இடத்தை, வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

2. ஊரைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

உப்புவெளி, அலஸ்தோட்டம்: நகரிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர். பயணிகளை நம்பினால் இதுதான் முதல் இடம். ஆனால் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைக்குள் கடை எடுக்காதீர்கள். நிலாவெளி வீதி ஓரமாக எடுத்தால் கோடையில் பயணியும் மாரியில் சாம்பல்தீவு, கோணேசபுரிப் பக்கமிருந்து நகருக்குப் போய்வரும் ஆளும் உங்களைக் காண்பார்கள். ஒழுங்கைக் கடையை நவம்பரில் நாய்தான் எட்டிப் பார்க்கும். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். 4 ஆம் படியை இங்கே கடுமையாகச் செய்யுங்கள்.

டச்சுக்குடாப் பக்கம்: கோட்டைக்கும் கோணேசர் கோவிலுக்கும் போகும் உள்ளூர்ப் பயணிகள், அருகே கெஸ்ட் ஹவுஸ்கள், நடந்து வரும் தூரத்தில் நகரக் குடியிருப்பு. இரண்டு காலத்துக்கும் ஆள் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று. கடற்காற்று நேரே அடிப்பதால் தகரமும் ஆணியும் கெதியாகத் துருப்பிடிக்கும்.

மத்திய வீதி, என்.சி. ரோடு, பிரதான வீதி: சனம் அதிகம், வாடகையும் அதிகம். உடுப்புப் பொட்டலத்தோடு ஒருவரும் கடைத்தெருவில் உலாத்தமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை, பின்பக்கம் குழி தோண்ட நிலமில்லை, காஸ் சிலிண்டர் வைக்க வெளியில்லை. பெரும்பாலான கடைகள் இந்த மூன்றிலேயே தோற்றுவிடும். அதே வீதிகளிலிருந்து 200 மீற்றர் உள்ளே, பின்வளவு உள்ள பழைய வீடு ஒன்று அகப்பட்டால் அதைப் பாருங்கள்.

உவர்மலை: அரச அலுவலகங்கள், இடமாற்றம் பெற்று வந்து அறை எடுத்துத் தங்கும் உத்தியோகத்தர்கள். வருடம் முழுவதும் நிலையான ஆள், மாதச் சம்பளக்காரர். மேட்டு நிலம் என்பதால் குழாய்த் தண்ணீரின் அமுக்கத்தைப் பார்க்க வேண்டும். குழி தோண்டினால் பாறை தட்டுமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

அனுராதபுரச் சந்தி, பாலையூற்று, மட்டிக்களி, லிங்கநகர்: குடும்பங்கள். கோடையில் போர்வை, திரைச்சீலை, பெட்ஷீட் போன்ற பாரமானவைதான் வரும். ஒரு மெஷினாவது 15 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் இங்கே கடை எடுக்க வேண்டும்.

கோணேசபுரி: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இங்கே. மாணவர்கள் வருவார்கள், ஆனால் விடுமுறை விட்டால் ஊர் வெறிச்சோடும். மாணவர்களை மட்டும் நம்பி இங்கே போடாதீர்கள்.

மாவட்டப் பொது வைத்தியசாலையைச் சுற்றிய ஒழுங்கைகளைப் பலர் கவனிப்பதில்லை. அறை எடுத்துத் தங்கும் தாதியரும், தூர ஊர்களிலிருந்து வந்து நோயாளியோடு நிற்பவர்களும் எல்லா மாதமும் இருப்பார்கள்.

3. நின்று எண்ணுங்கள்

மனதுக்குப் பிடித்த இரண்டு மூன்று இடங்களில் ஒவ்வொன்றிலும் மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணித்தியாலம் நில்லுங்கள்: வேலைநாள் மாலை 5 மணி, சனி காலை, ஞாயிறு மாலை. போகும் வாகனத்தை எண்ணுவதில் பயனில்லை. அந்த இடத்தில் வேகம் குறைத்து நிறுத்தும் வாகனத்தை எண்ணுங்கள். வளைவிலும் பெரிய சந்தியின் வாயிலிலும் கடை கண்ணில் படும், ஆனால் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

பிறகு சுற்றியுள்ள ஒழுங்கைகளில் 500 மீற்றர் நடந்து கொடிகளைப் பாருங்கள். முற்றத்தில் நீளக் கொடி கட்டிய வீடு உங்களுக்கு மாரியில் மட்டும் வரும். மாடி அறையின் யன்னல் கம்பியில் துவாயும், படிக்கட்டுக் கைப்பிடியில் சட்டையும் தொங்கினால் அங்கே இருப்பவருக்குக் காயப்போட இடமில்லை. அவர் வருடம் முழுவதும் உங்கள் ஆள். இப்படியான யன்னல்கள் 40, 50 தென்பட்டால் அந்த வட்டாரத்தைத் தொடர்ந்து பாருங்கள்.

பெண்கள் தனியே வந்து முக்கால் மணித்தியாலம் இருக்கக்கூடிய இடமா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது. பக்கத்தில் மதுபானக் கடை, எதிரே இளைஞர்கள் கூடி நிற்கும் மதில், இரவு 7 மணிக்குப் பின் தெரு விளக்கு இல்லாத துண்டு என்றால் குடும்பங்கள் வராது. உங்கள் வீட்டுப் பெண் ஒருவரைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

4. தண்ணீர்: எவ்வளவு, எந்த அமுக்கம், என்ன நிறம்

முன்பக்கக் கதவுள்ள 10 கிலோ வோஷர் ஒரு தோய்ப்புக்குச் சுமார் 80 தொடக்கம் 100 லீற்றர் எடுக்கும். நான்கு மெஷின், மெஷினுக்கு ஆறு தோய்ப்பு, 90 லீற்றர் என்று பிடித்தால் நாளுக்கு 2160 லீற்றர். மாதம் 65 அலகு (ஒரு அலகு 1000 லீற்றர்). குழாய்த் தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் கடை ஓட வேண்டுமானால் 4000 தொடக்கம் 5000 லீற்றர் தாங்கி வைக்க இடமும், அந்தப் பாரத்தைத் தாங்கும் தளமும் தேவை. 5000 லீற்றர் என்றால் 5 தொன். பழைய வீட்டின் மேல்தட்டில் வைக்காதீர்கள்.

அமுக்கத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 10 மீற்றர் உயரத்துத் தாங்கி 1 பார் அமுக்கம் தரும். வீடுகளில் உள்ளதுபோல 15 அடி உயரத்தில் வைத்தால் அரை பார் கூட வராது. மெஷின் நிரம்ப நேரம் எடுக்கும், 35 நிமிடத் தோய்ப்பு 50 நிமிடமாகும், சில மெஷின்கள் பிழை காட்டி நின்றுவிடும். நிலத் தாங்கியும் அமுக்கப் பம்பியும் வைப்பதே சரி. பம்பியின் சத்தம் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரோடு விழாத மூலை இருக்கிறதா என்று பாருங்கள்.

நகரின் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது, தோய்ப்புக்கு நல்லது. கட்டணத்தைக் குறைக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க நினைத்தால் இப்படிச் சோதியுங்கள். புதிய வெள்ளைத் துவாய் ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டைக் குழாய்த் தண்ணீரிலும் மற்றதைக் கிணற்றுத் தண்ணீரிலும் இரவு ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். இதை ஐந்து நாள் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணற்றுத் துண்டில் மஞ்சள் ஏறினால் இரும்பு; தொட்டால் மொரமொரப்பாக இருந்தால் கடினத் தண்ணீர். ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பிருந்தால் வெள்ளை உடுப்புக் கறை பிடிக்கும். பயணியின் வெள்ளைச் சட்டையையும் கெஸ்ட் ஹவுஸின் விரிப்பையும் ஒரு தடவை மஞ்சளாக்கினால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். உவர்த் தண்ணீர் மெஷினின் சூடாக்கியையும் தாங்கு உருளையையும் அரிக்கும். துவாய் நன்றாக இருந்தாலும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் இரும்பு, கடினம், குளோரைட்டு மூன்றையும் சோதித்து அறிக்கை எடுங்கள். சோதனைக்குக் கோடைக் கடைசியில், செப்டெம்பரில் எடுத்த தண்ணீரே சரி. மாரியில் மழைநீர் கலந்து கிணறு நல்ல பிள்ளையாக நடிக்கும்.

மீற்றர் யாருடைய பெயரில், எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்று கடைசி மூன்று மாதப் பில்லை வாங்கிப் பாருங்கள். வீட்டுப் பிரிவில் இருந்தால் வர்த்தகப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். நிலுவை இருந்தால் அதை யார் கட்டுவது என்று இப்போதே பேசுங்கள்.

5. கழிவு நீர்: கடைகள் மூடப்படுவது இதனால்தான்

உள்ளே வரும் 2000 லீற்றரில் டிரையரில் ஆவியாகும் சிறு பங்கு போக மற்றதெல்லாம் சவர்க்காரத்தோடு வெளியே வரும். அதை எங்கே விடுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

“முன்னால் கான் இருக்கிறதே” என்று வீட்டுக்காரர் சொல்வார். வீதிக் கான் மழைத் தண்ணீருக்கானது. நுரை மிதந்தால் முதல் வாரத்திலேயே பக்கத்துக் கடைக்காரர் உள்ளூராட்சிச் சபைக்கு முறையிடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். மலக்குழிக்குள் விடுவது அதைவிட மோசம். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய குழிக்கு நாளுக்கு 2000 லீற்றர் தாங்காது. சவர்க்காரம் அங்கே மலத்தைச் சிதைக்கும் கிருமிகளையும் கொல்லும். இரண்டு மாதத்தில் மலசலகூடம் வழிந்து நிற்கும்.

தனி வழி வேண்டும். மெஷின்களின் பின்னால் மூடிய வாய்க்கால். அதன் முடிவில் நூல்தும்பு பிடிக்கும் வலைப் பெட்டி. அடுத்து மண்டி படியும் தொட்டி, குறைந்தது 1000 லீற்றர். அதன் பிறகு, தண்ணீரை மண்ணுக்குள் இறங்க விடும் உறிஞ்சுகுழி. நான்கு வோஷரும் ஒரே நேரத்தில் தண்ணீரை வெளியே தள்ளும் நிமிடத்தைக் கணக்கில் எடுங்கள். 2 அங்குலக் குழாய் போதாது. 4 அங்குலம் போடுங்கள். வலைப் பெட்டியைத் தினமும் திறந்து தும்பை அள்ள வேண்டும், ஆகவே வாடிக்கையாளர் நடக்கும் இடத்தில் அதன் மூடி இருக்கக்கூடாது.

உறிஞ்சுகுழி வேலை செய்யுமா என்பதை ஒரு மண்வெட்டியால் அறியலாம். குழி வரப்போகும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி, 3 அடி ஆழத்தில் தோண்டுங்கள். முதலில் ஒரு தடவை நிறைத்து ஊறவிடுங்கள். மறுநாள் அடியில் ஒரு அடிக்குத் தண்ணீர் ஊற்றி, குச்சியில் கோடு கிழித்து நேரம் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வற்றினால் நல்லது. பாதி கூட இறங்காமல் நின்றால் அந்த இடம் உங்களுக்கு உதவாது. உப்புவெளி மணலில் 10 நிமிடத்திலேயே வற்றும். அதைக் கண்டு மயங்க வேண்டாம். மணல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகப் பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடிக்குக் குறையக்கூடாது, மணலில் அதற்கும் கூட விடுங்கள். பக்கத்து வளவின் கிணறும் இந்தக் கணக்கில் அடக்கம். அளவு நாடாவை மதிலுக்கு அப்பாலும் பிடியுங்கள்.

இதே சோதனையை டிசம்பரில் செய்தால்தான் முழுப் படம் தெரியும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தால், கோடையில் குடித்த குழி ஒரு சொட்டும் குடிக்காது. தாழ்ந்த வளவுகளில் தோண்டும்போதே தண்ணீர் ஊறி வரும். அந்த இடத்தில் லோன்றி வேண்டாம்.

6. மின்சாரமும் காஸும்

கடையின் மீற்றர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பேஸ் 30 அம்பியர் என்றால் மொத்தம் 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைய. மூன்று பேஸ் 30 அம்பியர் என்றால் 20 கிலோவாட் அளவு. மூன்று பேஸ் 60 அம்பியர் என்றால் 40.

10 கிலோ மின் டிரையர் ஒன்றே 12 கிலோவாட் அளவு இழுக்கும். மூன்று வைத்தால் 60 அம்பியர் இணைப்பும் அதோடு முடிந்தது. காஸ் டிரையரில் சூடு காஸிலிருந்து வருவதால் மோட்டருக்கு மட்டும் அரைக் கிலோவாட் சொச்சம் போதும். குளிர் தண்ணீரில் தோய்க்கும் நான்கு வோஷர் 4 கிலோவாட், மூன்று காஸ் டிரையர் 2, பம்பி 1, விளக்கும் விசிறியும் 1: மொத்தம் 8. மூன்று பேஸ் 30 அம்பியர் தாராளம். ஆகவே காஸ் சிலிண்டர் வைக்க வெளியிடம் உள்ள கடையைத் தேடுவதே மலிவு.

நன்றாகப் பிழிந்த 10 கிலோ உடுப்பைக் காய வைக்கச் சுமார் 0.7 கிலோ காஸ் போகும்; 37.5 கிலோ வர்த்தகச் சிலிண்டர் ஒன்று 50 தடவைக்கு. மூன்று டிரையரும் ஒன்றாக ஓடும்போது ஒரு சிலிண்டர் காஸைப் போதிய வேகத்தில் விடாது. வெளிப்புறம் வியர்த்துக் குளிரும், சுடர் சுருங்கும், உடுப்பு ஈரமாகவே வெளிவரும். நான்கு சிலிண்டரை ஒரே குழாயில் இணைக்க 6 அடிக்கு 3 அடி வெளியிடம் பாருங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. கானுக்கும் நிலத்தடித் தாங்கிக்கும் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தாதீர்கள். கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். சிலிண்டர் லொறி வந்து நிற்கும் அகலம் ஒழுங்கையில் இருக்க வேண்டும்.

வீதியில் மூன்று பேஸ் கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். கம்பத்தில் இரண்டு கம்பி மட்டும் வந்தால் உங்கள் செலவில் லைன் இழுக்க வேண்டியிருக்கும். அந்த மதிப்பீடு கைக்கு வராமல் ஒப்பந்தம் எழுதாதீர்கள். இணைப்பை உயர்த்தும் விண்ணப்பத்துக்கு மீற்றர்ப் பெயருக்குரியவரின் கையொப்பம் வேண்டும். எந்தக் கட்டணப் பிரிவில் போடுவார்கள் என்பதையும் மின் விநியோக அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. கட்டடத்துக்குள் நாடாவோடு போங்கள்

நிலத்தளம் மட்டுமே. தரையில் போல்ட் அடித்து இறுக்கும் வோஷருக்கு உறுதியான கொங்கிறீற் அடித்தளம் வேண்டும். டைல்ஸுக்கு மேல் இறுக்கினால் சுழலும்போது டைல் வெடிக்கும். தரையை உடைத்து அடித்தளம் போட வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 450 சதுர அடியாவது தேவை. மெஷின்களின் பின்னால் ஒரு ஆள் குந்தி வேலை செய்ய 2 அடி விடுங்கள். வாசல் மூன்றரை அடி இல்லாவிட்டால் பெரிய மெஷின் உள்ளே வராது.

டிரையரின் சூட்டுக் காற்று வெளியேறும் குழாய் நீளம் 4 மீற்றருக்குள், இரண்டு வளைவுக்கு மேல் இல்லாமல் போக வேண்டும். நீண்டால் தும்பு படிந்து தீப்பிடிக்கும். வாய் பக்கத்து வீட்டு யன்னலைப் பார்க்கக்கூடாது. வடகிழக்கைப் பார்த்தால் வாடையோடு மழை உள்ளே அடிக்கும். தவிர்க்க முடியாவிட்டால் கீழ்நோக்கி வளைந்த மூடி போடுங்கள். வெளியே போகும் காற்றுக்குப் பதிலாக உள்ளே காற்று வர டிரையருக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும். கண்ணாடி போட்டு அடைத்த குளிரூட்டிக் கடை இதற்குச் சரிவராது.

வெள்ளம் ஏறுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரரிடம், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, அவர் கை காட்டும் உயரத்தை அளந்து எழுதுங்கள். புதிதாகப் பூசிய சுவரின் அடிப்பகுதி மட்டும் வேறு நிறமாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

8. காணி யாருடையது? கையொப்பம் வைப்பவர் யார்?

முற்பணத்துக்கு முன் இவற்றின் பிரதிகளை வாங்குங்கள்: காணி உறுதி, நில அளவை வரைபடம், சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) ரசீது, கட்டட அனுமதி, இணக்கச் சான்றிதழ் (கட்டடம் அனுமதிப்படி கட்டப்பட்டது என்பதற்கு), சொந்தக்காரரின் அடையாள அட்டை. உறுதியைச் சட்டத்தரணியிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். அந்தச் செலவு ஒரு மாத வாடகையை விடக் குறைவாகத்தான் வரும்.

நம் பக்கத்தில் மூன்று பொறி உண்டு. பெர்மிட் காணி: அரச காணியை உத்தரவுப்பத்திரத்தில் வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்குக் குத்தகை எழுத முடியாது, பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். கோவில் காணி: கடையை வைத்திருப்பவரே குத்தகைக்காரராக இருப்பார், அவர் மேல்வாடகைக்குக் கொடுக்க நிர்வாக சபையின் எழுத்து வேண்டும். மூன்றாவது, சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, இங்குள்ள சகோதரமோ மாமாவோ சாவி தருவது. செல்லுபடியாகும் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் ஒப்பமிடச் சொந்தக்காரர் எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) இல்லாமல் அவர் வைக்கும் கையொப்பம் உங்களைக் காக்காது. அங்கிருப்பவர் ஒருநாள் வந்து “காணியை விற்கப்போகிறோம்” என்றால் புதைத்த கொங்கிறீற்றோடு நிற்பீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதுவது நட்புக்குச் சரி, இந்த முதலீட்டுக்குச் சரியில்லை. ஐந்து வருடத்துக்குக் குறைய எழுதாதீர்கள். இவை சொல்லாக இல்லாமல் எழுத்தாக இருக்கட்டும்: வருடாந்த வாடகை உயர்வு எத்தனை வீதம், தரையை உடைக்க, குழி தோண்ட, சுவரில் துளையிடச் சம்மதம், மின், நீர் விண்ணப்பங்களில் வீட்டுக்காரர் ஒப்பமிடுவார், காணி விற்றாலும் குத்தகை தொடரும், முடிவில் மெஷினும் தாங்கியும் உங்களுடையவை, அனுமதி கிடைக்காவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பும். கடைசி வரிக்கு மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கீ மணி என்று வாடகைக்கு மேலாகக் காசு கேட்டால் அதற்கும் ரசீது.

9. அனுமதிகள்: இந்த ஒழுங்கில் போங்கள்

முதலில் எந்தச் சபை என்று தெளியுங்கள். நகருக்குள் ஒரு சபை, வெளியே பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபை. எல்லையில் உள்ள கடை என்றால் சோலைவரி ரசீதின் தலைப்பே பதில் சொல்லும்.

சபையின் திட்டமிடல் பிரிவில், குடியிருப்பு வீட்டை வியாபாரத்துக்கு மாற்ற அனுமதி உண்டா என்று கேளுங்கள். மறுப்பு வரக்கூடிய முதல் இடம் அது. அதனால் அங்கேயே தொடங்குங்கள். கடல் உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டட வேலை செய்வதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. உப்புவெளியில் பல கடைகள் இந்த எல்லைக்குள் வரும். அடுத்து, மெஷின் எண்ணிக்கை, நாளுக்கு எத்தனை லீற்றர் கழிவு நீர், குழியின் வரைபடம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபை அலுவலகத்திலும் கொடுத்து, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு உத்தியோகத்தரின் இடமாற்றத்தோடு போய்விடும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம்: கிராம சேவகர் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, குத்தகைப் பிரதி. சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடியும். நவம்பரில் எடுத்தால் இரண்டு மாதத்துக்குள் மறுபடி கட்டணம்.

10. வாடகையைக் கெட்ட மாதத்தால் அளவுங்கள்

கணக்குக் காட்ட ஒரு உதாரணம். விலைகளை உங்கள் மாதத்து விலையாக மாற்றிப் போடுங்கள். தோய்த்துக் காய வைக்க 1000 ரூபா. அதில் காஸ், மின்சாரம், தண்ணீர், தூள் 400. மிச்சம் 600. மாத வாடகை 60,000, ஒரு ஊழியர் 50,000, பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவது 20,000, மற்றவை 20,000: மொத்தம் 150,000. அதை 600 ஆல் பிரித்தால் 250 தடவை. நாளுக்கு எட்டு, ஒன்பது. கடன் தவணை இதில் இல்லை.

இப்போது 1 ஆம் படியில் எழுதிய தாளை எடுங்கள். பயணியும் போய், மழையும் விட்டு நிற்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நாளுக்கு ஒன்பது வருமா? ஜூலைக் கூட்டத்தை வைத்து வாடகைக்குச் சம்மதிப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. வராது என்றால் வாடகையைக் குறைக்கப் பேசுங்கள், அல்லது அந்த மாதங்களில் கெஸ்ட் ஹவுஸ்களின் திரைச்சீலை, மெத்தை உறைகளைக் கிலோக் கணக்கில் எடுக்க ஒப்பந்தம் செய்யுங்கள். சீசனுக்கு முன் அவர்கள் எல்லாவற்றையும் தோய்ப்பது அப்போதுதான்.

11. எந்த மாதத்தில் எதைச் செய்வது

செப்டெம்பரில் கிணற்றுத் தண்ணீர்ச் சோதனையும் முதல் குழிச் சோதனையும். நவம்பர், டிசம்பரில் மழைக்குள் போய் வெள்ளம், ஒழுங்கைச் சேறு, இரண்டாம் குழிச் சோதனை. கூரை ஒழுகுவதும் அப்போதுதான் தெரியும். சபைக்கும் மின் விநியோக அலுவலகத்துக்கும் விண்ணப்பம் அதே மாதங்களில். ஜனவரியில் குத்தகை, புதிய வருட அனுமதிப்பத்திரம். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை குழி, கொங்கிறீற், வயர் வேலை. கொங்கிறீற் அடித்தளத்தை 28 நாள் இறுக விட்டுத்தான் வோஷரைப் பொருத்த வேண்டும், மேசன் ஒரு வாரம் போதும் என்றாலும் கேட்காதீர்கள். வாடகை வேலை முடிந்த மாதத்திலிருந்து தொடங்கட்டும் என்று பேசிப் பாருங்கள்; இரண்டு மாதம் விட்டுக்கொடுக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு வாரம் முன் திறந்தால், வீடுகளில் திரைச்சீலை கழற்றும் நேரத்தில் கடை தயாராக இருக்கும், பயணிகள் வரத் தொடங்கும்போது மெஷின்களின் முதல் கோளாறுகளும் தெரிந்து திருத்தப்பட்டிருக்கும்.